மல்லிகையில் சிலந்திப்பேன்: பூ வரும் நேரத்தில் என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்கு 40 சென்ட் குண்டுமல்லி இருக்கிறது. நட்டு நான்கு வருடம் ஆகிறது. கார்த்திகையில் கவாத்து செய்தோம். மாசியில் நல்ல பூ வந்தது. பங்குனிக் கடைசியிலிருந்து இலை வெளுத்துப் பழுப்படிக்கிறது. கொழுந்தில் நூலாம்படை கட்டியிருக்கிறது. மருந்துக் கடையில் மொட்டுப்புழு என்று சொல்லி லேம்டா சைஹலோத்ரின், இமிடாகுளோபிரிட் என்று இரண்டு மருந்து கொடுத்தார்கள். பத்து நாளில் மூன்று தடவை அடித்தோம். குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது. தினம் எட்டு கிலோ பறித்த இடத்தில் இப்போது மூன்று கிலோ வருவதே பாடாக இருக்கிறது. நானும் என் மாமியாரும்தான் பறிக்கிறோம். பறித்து முடித்தால் முகமும் விரலும் எரிகிறது. இந்தப் பேன் ஆட்களையும் கடிக்குமா? இந்தப் பூவை விற்கலாமா?
– ஒரு வாசகி, நிலக்கோட்டை வட்டாரம்

பதில்: சகோதரி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செடியில் இருக்கும் சிலந்திப்பேன் ஆட்களைக் கடிக்காது. அது இலைச் சாற்றை மட்டும் குடிக்கும் பிராணி. நீங்கள் அடித்த லேம்டா சைஹலோத்ரின், பைரித்ராய்டு என்ற வகையைச் சேர்ந்த மருந்து. அந்த வகை மருந்து தோலில் பட்டால் எரிச்சலும் ஊசி குத்துகிற மாதிரி குறுகுறுப்பும் வரும். முகத்தில் அதிகம் தெரியும். மருந்து பட்ட செடியில் வெறும் கையால் பறித்து, அதே கையால் வியர்வையைத் துடைத்ததால் வந்த எரிச்சலாகவே இது தெரிகிறது. சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்கள். மறுநாளும் எரிச்சல் நிற்கவில்லை என்றாலோ, கண் எரிச்சல், தலைசுற்றல், வாந்தி இருந்தாலோ மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். புட்டியில் உள்ள லேபிளைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு எந்த மருந்து என்று தெரியும்.

அடுத்தது, அந்த இரண்டு மருந்தையும் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் தோட்டத்தில் சிலந்திப்பேன் இந்த அளவுக்குப் பெருகியதற்கு அவையும் ஒரு காரணம்.

பூச்சி மருந்துக்கு ஏன் அடங்கவில்லை?

சிலந்திப்பேன் பூச்சியே அல்ல. பூச்சிக்கு ஆறு கால். இதற்கு எட்டுக் கால். சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் இனம். புழுவுக்கும் வண்டுக்கும் செய்த மருந்துகள் பலவற்றுக்கு இது சாவதில்லை. ஆனால் இதைத் தின்று வாழும் பிராணிகள் அந்த மருந்தில் செத்துப்போகும். கடுகை விடச் சிறிய கறுப்புப் பொறிவண்டு ஒன்று உண்டு, அதற்குச் சிலந்திப்பேன்தான் முக்கிய ஆகாரம். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சும், சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்னும் வேறொரு வகைப் பேனும் உண்டு. பைரித்ராய்டு அடித்தால் இந்தக் காவல்காரர்கள்தான் முதலில் போவார்கள். மருந்து பட்டுச் சாகாத சிலந்திப்பேன், இருந்த இடத்தைவிட்டு அடுத்த இலைக்கும் அடுத்த செடிக்கும் நகர்ந்து அங்கே முட்டை வைக்கும். இமிடாகுளோபிரிட் அடித்த பயிர்களில் சிலந்திப்பேன் பெருகியதும் பல இடங்களில் பார்த்த விஷயம். மூன்று தடவை அடித்தும் கூடியதற்குக் காரணம் இதுதான்.

பங்குனி, சித்திரை வெயிலும் இதற்குத் தோதான காலம். நல்ல வெயிலில் முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டை வைக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஒரு பெண் பேன் தன் ஆயுளில் நூறு முட்டை வரை வைக்கும். ஆண் பேனோடு சேராமலேயே முட்டையிடும். அந்த முட்டைகள் எல்லாம் ஆணாகப் பொரிக்கும். பிறகு அந்த ஆணோடு சேர்ந்து பெண் பேன்களையும் பெருக்கும். ஆகவே ஒற்றைப் பேன் காற்றில் வந்து விழுந்தாலும் ஒரு குடும்பம் உண்டாகிவிடும். குண்டுமல்லியில் பூ கொட்டுகிற காலமும் அதே பங்குனி முதல் ஆனி வரைதான். அதனால்தான் இந்தத் தொல்லை நமக்குப் பூ விற்கிற நேரம் பார்த்து வருகிறது.

மொட்டுப்புழுவா, சிலந்திப்பேனா?

நூலாம்படையைப் பார்த்ததும் கடைக்காரர் புழு என்று நினைத்திருக்கலாம். மல்லிகையில் நூல் கட்டுகிற புழுக்களும் உண்டு. ஆகவே செடியில் இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது. அடையாளம் இதுதான்:

மொட்டுப்புழு: மொட்டில் ஓட்டை இருக்கும். உள்ளே பச்சைநிறப் புழுவோ அதன் எச்சமோ இருக்கும்.

பிணைக்கும் புழு: இலை, கொழுந்து, மொட்டுக் கொத்து ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டியிருக்கும். பிரித்தால் புழுவும் கழிவும் தெரியும்.

மொட்டு ஈ: மொட்டின் அடி வீங்கி, மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்து உதிரும்.

செஞ்சிலந்திப்பேன்: இலையின் மேல்பக்கம் ஊசி முனையால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள். பிறகு இலை முழுவதும் வெளுத்துப் பழுப்பாகும். அடிப்பக்கம் தூசி படிந்தது போல இருக்கும். நூல் மெல்லியதாக இருக்கும், அதில் சிவப்பாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ புள்ளிகள் ஊரும்.

சந்தேகம் இருந்தால், ஒரு வெள்ளைக் காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். காகிதத்தில் விழுந்த தூசி நகர்ந்தால் அது பேன். விரலால் தேய்த்தால் செந்நிறக் கறை படும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று வீட்டில் இருந்தால் எந்தப் பயிருக்கும் உதவும்.

நாற்பது சென்டில் நாலடி இடைவெளிக்கு ஆயிரம் செடி இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சாலை ஓரம், வரப்பு ஓரம், நடுப்பகுதி என்று இருபது செடியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்று இலை பாருங்கள். பேன் இருக்கும் செடிக்கு ஒரு துணித்துண்டு கட்டுங்கள். பெரும்பாலும் புழுதி படியும் சாலை ஓரத்திலும், தண்ணீர் சரியாகப் பாயாத மூலையிலும்தான் துணி கூடுதலாகத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் வைத்தியம் செய்தால் செலவும் குறையும், நன்மை செய்யும் பிராணிகளும் மீதி இடத்தில் பிழைக்கும்.

பூவை விற்கலாமா?

கத்தரி, மிளகாய் என்றால் மருந்து அடித்துவிட்டு ஒரு வாரம் பறிக்காமல் விடலாம். மல்லிகையில் அப்படி இல்லை. இன்று மாலை மருந்து அடித்தால், நாளை விடியுமுன் பறிக்க வேண்டிய மொட்டு ஏற்கெனவே செடியில் நிற்கிறது. அந்த மொட்டு மருந்தோடு உங்கள் விரலுக்கு வருகிறது. பிறகு பூக்கட்டுகிறவர் நூலைப் பல்லில் கடித்துக் கட்டுகிறார். பிறகு குழந்தையின் தலைக்குப் போகிறது. பூவை யாரும் கழுவிச் சூடுவதில்லை. ஆகவே பூவில் எந்த மருந்து அடிக்கிறோம் என்பதை விட எந்த நாளில் அடிக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

கடைசியாக அடித்து எத்தனை நாள் ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் ஆகவில்லை என்றால், மீதி நாட்களின் பூவைக் கையுறை போட்டுப் பறித்துக் குழியில் போட்டு மூடிவிடுங்கள். செடியிலேயே விட்டுவிடக் கூடாது. விட்டால் மொட்டுப்புழுவும் ஈயும் அதில் பெருகும், அடுத்த பூ வரத்தும் குறையும். மூன்று கிலோ பூவைக் கொட்டுவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் சந்தைக்குப் போகிற பூவை நம்பி வாங்கிச் சூடுகிறவர்களும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான்.

இனிச் செய்ய வேண்டியவை

1. மிகவும் நூல் கட்டிய கொழுந்துகளை வெட்டி, அங்கேயே சாக்குப் பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய் எரியுங்கள். கையில் அள்ளிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தால் பேனை நீங்களே தூவுகிறீர்கள். துணி கட்டிய செடிகளில் கடைசியாகப் பூப் பறியுங்கள். பேன் சேலையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும்.

2. காலையில் பூப் பறித்து முடித்ததும், விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி கீழிருந்து மேலாக வேகமாக அடியுங்கள். நூல் அறுந்து, பேனும் தூசியும் கழுவிப் போகும். மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்று நான்கு முறை செய்யுங்கள். மாலையில் அடித்தால் இரவெல்லாம் மொட்டு நனைந்து கிடந்து பூ கெடும், ஆகவே காலைதான் நல்லது. களைக்கொல்லி அடித்த டேங்க்கை இதற்கு எடுக்கவே கூடாது. கோடை மழை நன்றாகப் பெய்தால் பேன் குறைவதும் இதே காரணத்தால்தான்.

3. பாசனத்தைக் காயவிடாதீர்கள். வாடிய செடியில் பேன் வேகமாகப் பெருகும். சாலையோர வரிசையில் புழுதி படியாமல் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

4. யூரியாவை நிறுத்துங்கள். குண்டுமல்லிக்கு ஒரு வருடத்துக்குச் செடி ஒன்றுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து என்பது பரிந்துரை. அதைக் கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஆனி ஆடியில் ஒரு பாதி என்று கொடுக்க வேண்டும். தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தாலும் ஒரு தடவைக்குச் செடிக்கு 65 கிராம்தான். பூ கூட வரட்டும் என்று ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு கைப்பிடி போட்டால், இலை கொழுகொழுவென்று வளரும், பேனுக்குத்தான் அது விருந்து.

5. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். உங்கள் 40 சென்டுக்கு இது போதும். பேன் முழுவதும் சாகாது, பெருக்கம் குறையும். நிறையப் பூ வரும் நாட்களில் இதையும் தவிர்த்து, வரத்து குறைந்த நாளில் அடியுங்கள். வேம்பின் வாசம் மொட்டில் ஏறினால் வியாபாரி விலையைக் குறைப்பார்.

இந்த ஐந்தையும் இரண்டு வாரம் செய்துவிட்டு அதே இருபது செடியில் மறுபடி எண்ணிப் பாருங்கள். துணித்துண்டு குறைந்தால் மருந்து தேவையில்லை. புதுக் கொழுந்து பச்சையாக வருகிறதா என்று பாருங்கள். பழுத்த பழைய இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்படியும் அடங்கவில்லை என்றால்

குண்டுமல்லியில் பூ ஒரே சீராக வருவதில்லை. சில நாள் கொட்டும், பிறகு சில நாள் ஓயும், மறுபடி அரும்பு கட்டும். ஓய்கிற அந்த நாட்கள்தான் மருந்து அடிக்க உங்களுக்குக் கிடைக்கிற இடைவெளி. அன்று காலை செடியில் ஒரு மொட்டு மிச்சமில்லாமல் பறித்துவிட்டு, மாலையில் அடியுங்கள்.

நனையும் கந்தகம் 80 சதத் தூள், லிட்டருக்கு 2 கிராம், பத்து லிட்டர் டேங்க்குக்கு 20 கிராம். செலவும் குறைவு. ஆனால் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையையும் அரும்பையும் கருக்கிவிடும். மழை பெய்து குளிர்ந்த நாளாகப் பார்த்து, முதலில் பத்துச் செடியில் அடித்து இரண்டு நாள் கவனித்த பிறகே முழுத் தோட்டத்துக்கும் அடியுங்கள்.

அதற்கும் மிஞ்சினால் சிலந்திப்பேனுக்கென்றே உள்ள மருந்துகள் இருக்கின்றன. புரோபர்கைட், ஸ்பைரோமெசிபென், பெனாசாகுவின், பென்பைராக்சிமேட் போன்றவை. வாங்கும் முன் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்காமல் அடிக்க வேண்டாம். அளவும் காத்திருப்பு நாளும் லேபிளிலும் அவர் சொல்வதிலும் உள்ளபடி. காத்திருப்பு நாட்களில் வரும் பூவைப் பறித்துக் குழியில் போட வேண்டும்.

பல மருந்துகள் நடமாடும் பேனைத்தான் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஆகவே ஐந்தாறு நாள் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து, குஞ்சு பொரித்திருந்தால் இரண்டாவது தடவை அடிக்க வேண்டி வரும். அப்போது அதே மருந்தை அடித்தால் பேன் பழகிக்கொள்ளும். மாற்றி அடிக்க வேண்டும். பெயர் மாறினால் போதும் என்று நினைக்கக் கூடாது. பெனாசாகுவினும் பென்பைராக்சிமேட்டும் வேறு பெயர், ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றே. ஒன்றுக்குப் பழகிய பேன் மற்றதற்கும் சாகாது. எந்த மருந்தானாலும் இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் காசு வீண்.

அடிக்கிறவர் முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். காற்றுக்கு எதிராக அடிக்கக் கூடாது. அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் அப்பா காலத்தில் டைக்கோபால் அடித்தால் ஒரே நாளில் பேன் போய்விடும் என்பார்கள். இப்போது கடையில் இல்லை என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: தேட வேண்டாம், தம்பி. டைக்கோபாலை மத்திய அரசு 2023-இல் தடை செய்துவிட்டது. மண்ணிலும் உயிர்களின் உடலிலும் நீண்ட நாள் தங்கும் நஞ்சு அது. பழைய புட்டி வீட்டுப் பரணில் இருந்தாலும் எடுத்து அடிக்கக் கூடாது. யாராவது பில் இல்லாமல் தருகிறேன் என்றால் அது உண்மையான மருந்தா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. எந்த மருந்தும் பில் போட்டுத்தான் வாங்க வேண்டும். பயிர் கருகினால் கேட்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பில்தான்.

கேள்வி: வேப்பெண்ணெயையும் கந்தகத்தையும் ஒரே டேங்க்கில் கலந்து அடித்தால் ஆள் கூலி மிச்சமாகுமே?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: கூலி மிச்சமாகும், செடி மிச்சமாகாது. எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகும். கலந்து அடிப்பது மட்டுமல்ல, எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிப்பதும், கந்தகம் அடித்து இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடிப்பதும் கூடாது. எந்த நாளில் எது அடித்தோம் என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

கேள்வி: மல்லிகை இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளி போல ரோமம் முளைக்கிறது. மொட்டும் சிறுத்துவிடுகிறது. பூஞ்சை மருந்து அடித்தும் போகவில்லை.
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அது பூஞ்சை இல்லை, அம்மா. இதுவும் ஒரு சிலந்திப்பேன்தான். ஆனால் வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நாலு கால்தான் இருக்கும். அது சாறு குடிக்கும் இடத்தில் செடியே அந்த ரோமத்தை வளர்க்கிறது. பேன் அதற்குள் ஒளிந்துகொள்வதால் மருந்து எளிதில் படாது. ரோமம் வந்த கிளையை வெட்டி எரிப்பதே முதல் வைத்தியம். பிறகு நான் மேலே சொன்ன கந்தகத்தை அதே கவனத்தோடு அடிக்கலாம். அந்தத் தோட்டத்திலிருந்து பதியனோ குச்சியோ யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மல்லிகைக்குப் பக்கத்தில் வெண்டை போட்டிருந்தோம். முடிந்துவிட்டது. பிடுங்கி வரப்பில் போட்டிருக்கிறோம். காயட்டும் என்று விடலாமா?
– ஒரு வாசகர், ஆண்டிபட்டி

பதில்: விடாதீர்கள். வெண்டை, கத்தரி, ஆமணக்கு, ரோஜா, செண்டுமல்லி எல்லாவற்றிலும் இதே சிலந்திப்பேன் வாழும். பிடுங்கிய செடி காயக் காய, பேன் பசுமை தேடிப் பக்கத்து மல்லிகைக்கு நடந்தே வந்துவிடும். பிடுங்கிய அன்றே தூரக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மண் மூடுங்கள். அடுத்த முறை மல்லிகைக்குப் பக்கத்தில் மக்காச்சோளமோ சோளமோ இரண்டு வரிசை போட்டால் புழுதியையும் காற்றில் வரும் பேனையும் ஓரளவு தடுக்கும்.

வாசகர்களுக்கு: கேள்வியோடு இலை அனுப்புகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், அழுகிவிடுகிறது. செய்தித்தாளில் மடித்து, பயிர் வயது, கடைசியாக அடித்த மருந்தின் பெயர், அடித்த தேதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ் வரும்வரை பொறுக்க முடியாத அவசரம் என்றால் கிசான் அழைப்பு மையத்தைக் கட்டணம் இல்லாமல் 1800 180 1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். மருந்து அடிக்கும்போது யாருக்காவது மயக்கம் வந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள்.